ஐந்நூறுக்குக் கீழே

இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணைப் பொய் சொன்னவள் என்று அடித்துவிட்டார்கள்.

அந்த எண்ணுக்கு ஒரு பெயர் உண்டு. முப்பிடாதி. வயது நாற்பத்து மூன்று. பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட்டுக்கு உறை ஒட்டும் வேலை. நேற்று முழுக்க என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்கள். சொன்னாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

படிவத்தின் குறுக்கே சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேலே முத்திரை: நம்பத்தகாத பதில்.

செல்வக்கனி அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

கோடை விடுமுறை. ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம் ஊருக்கு வெளியே பாறைக்காட்டில் இருந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போயாகிவிட்டது. கட்டடம் முழுக்க இரண்டே அறைகளில் மின்விசிறி ஓடியது. ஒன்று செல்வக்கனியுடையது. மற்றது அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டும் ஆசிரியை ரெஜினாவுடையது.

ஊருக்குப் போகவில்லையா என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

செல்வக்கனி பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள். ஆசிரியைக்கு அவளைவிட ஒரு வயது குறைவு. அதைப் பற்றியும் அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

"இவங்க பொய் சொல்லலை மேடம்."

"உட்காருங்க."

"உட்கார வரலை. எதுக்கு அடிச்சீங்கன்னு கேட்க வந்தேன்."

ஆசிரியை படிவத்தைப் பார்த்தார். "மொத்தம் நானூற்று முப்பத்தஞ்சு கலோரி. ஐந்நூறுக்குக் கீழே வந்தா எடுத்துடணும். அதுதான் விதி."

"யார் போட்ட விதி?"

"இந்த ஆய்வுக்கு நான் போட்டது."

செல்வக்கனி பையிலிருந்து ஒரு பிஸ்கட் உறையை எடுத்து மேஜைமேல் விரித்து வைத்தாள்.

"பாருங்க. நூறு கிராமுக்கு நானூற்று எழுபது. அவங்க தின்னது அம்பது கிராம் உடைசல். கம்பெனித் தராசுல நிறுத்துக் கொடுத்தது. மூணு டீ. அவ்வளவுதான். மத்தவங்கல்லாம் ஒரு கரண்டி, ரெண்டு கை, வழக்கமா சாப்பிடுறதுன்னு சொன்னாங்க. யார் வீட்டுக் கரண்டி எவ்வளவு பெருசுன்னு நமக்குத் தெரியுமா? அவங்க தெருவுல ஒரே ஒருத்தங்கதான் லேபிளைப் படிச்சு, கிராம் கணக்குல சொன்னாங்க. அவங்களைத்தான் அடிச்சிருக்கோம்."

"சாப்பிட்டதுல பாதி மனுஷங்களுக்கு மறந்துபோகும், செல்வக்கனி. மீதியைச் சொல்ல வெட்கப்படுவாங்க. எங்க கேட்டாலும் இதே கதைதான்."

"சாப்பிடாததைச் சொல்ல வெட்கப்பட மாட்டாங்களா?"

ஆசிரியை உறையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்தக் கோட்டைப் போட்டவங்க மூணு வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டவங்களாத்தான் இருக்கணும்."

சொன்ன பிறகுதான், கோட்டைப் போட்டவரிடமே சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆனாலும் வாபஸ் வாங்கவில்லை. வாதத்தில் அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஆசிரியை மேஜை இழுப்பறையை மெதுவாகச் சாத்தினார்.

"அந்தத் தெருவுல எத்தனை பேரை அடிச்சிருக்கோம்?"

"பதினோரு பேர்."

"படிவத்துல வீட்டில் எத்தனை பேர்னு ஒரு கட்டம் இருக்கும். பாருங்க."

செல்வக்கனி பையிலிருந்த படிவக்கட்டை அங்கேயே பிரித்துப் பார்த்தாள். ஒன்று. ஒன்று. ஒன்று. பதினோரு படிவத்திலும் அதே ஒன்று.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களுக்கு இது முன்னாலேயே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் அடிச்சீங்களா?"

"தனியா இருக்கிறவங்க பாதி பதில்தான் சொல்வாங்க. பேச ஆளில்லாத பழக்கம். ஒண்ணு கேட்டா அரைதான் வரும்."

விஷயம் அந்தப் பதினோரு பேரோடு முடியவில்லை. தெருவுக்கு ஒரு மாலைச் சாப்பாட்டுக் கூடம் வைக்கலாமா என்று நகராட்சி கேட்டிருந்தது. வேலை விட்டு வருகிறவர்கள் சூடாக ஒரு வேளை சாப்பிட்டுப் போகலாம். தெருவின் சராசரி ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் கூடம் வரும். பதினோரு பேரையும் சேர்த்தால் சராசரி அந்த அளவுக்குக் கீழே. நீக்கினால் மேலே. நீக்கிய கணக்கில் அந்தத் தெருவில் எல்லோரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள்.

"பதினோரு பேரையும் சேருங்க மேடம்."

"எதை வச்சு?"

"என் வார்த்தையை வச்சு."

ஆசிரியை சிரிக்கவில்லை. "ஒண்ணு செய்யுங்க. நேத்து ஐந்நூறுக்குக் கீழே சாப்பிட்டு, இன்னைக்கு எழுந்து வேலைக்கும் வந்த ஒரே ஒரு ஆளை என் கண் முன்னால நிறுத்துங்க. பதினோரு பேரையும் சேர்க்கிறேன்."

*

முப்பிடாதிக்குப் போன் செய்து, புதன்கிழமை திரும்பவும் கேட்க வருவதாகச் சொன்னாள் செல்வக்கனி. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது இன்னொரு விதி.

புதன்கிழமை போனாள்.

ஒற்றை அறை. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் கட்டில். கட்டிலில் யாரும் படுப்பதில்லை. முப்பிடாதி தரையில் படுப்பவள். கட்டில் அவளுடைய அம்மாவுடையது. அம்மா போய் ஒன்றரை வருஷம்.

"வாங்க தங்கச்சி. சாப்ட்டாச்சா?"

"ஆச்சுக்கா."

அவள் சாப்பிட்டிருக்கவில்லை. படிவத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து காலையில எழுந்ததுல இருந்து சொல்லுங்க."

முப்பிடாதி மனப்பாடம் செய்தவள்போலச் சொன்னாள். காலையில் நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியத்துக்குச் சோறு, முருங்கைக்காய்ச் சாம்பார், ஒரு முட்டை, அப்பளம். ராத்திரி மிச்சச் சோறு, மோர்.

செல்வக்கனி எழுதினாள். எழுதும்போதே மனத்துக்குள் கூட்டினாள். ஆயிரத்து ஐந்நூற்றுக்கு மேல் போயிற்று.

பேனாவை மூடினாள்.

"அக்கா, போன தடவை மூணு டீ, அம்பது கிராம் பிஸ்கட்னு சொன்னீங்க."

"ஆமா."

"அது உண்மையா, இது உண்மையா?"

"ரெண்டும் உண்மைதான். ஒறையில போட்டிருந்ததைப் படிச்சுல்ல சொன்னேன். பொய் சொல்லுவனா?"

"பொய்னு அடிச்சுட்டாங்கக்கா."

முப்பிடாதி அவள் மடியிலிருந்த படிவத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு, "அடிச்சுட்டாங்களா" என்றாள். அதில் கோபம் இல்லை. அதைத்தான் செல்வக்கனியால் தாங்க முடியவில்லை.

"அப்ப நேத்து மட்டும் எப்படி இவ்வளவு?"

"வாரேன்னு சொன்னீங்கல்ல? வந்து கேப்பீங்க. என்னத்தச் சொல்ல? அதான் பொங்குனேன்."

"தினமும் பொங்க மாட்டீங்களா?"

"ஒத்த ஆளுக்கு என்னத்தப் பொங்க. அம்மா இருந்தப்போ உப்பு கம்மி, உறைப்பு ஜாஸ்தின்னு ஏதாவது சொல்லிக்கிட்டே இருக்கும். ஏசிக்கிட்டேதான் திங்கும். இப்ப யாரு ஏசுவா?" அவள் எழுந்து ஒரு தட்டைக் கழுவினாள். "இன்னைக்கும் கொஞ்சம் வச்சிருக்கேன். ஒரு வாய் சாப்பிடுங்களேன்."

கேள்வி கேட்கப் போன வீட்டில் கை நனைக்கக் கூடாது. அதுவும் விதி.

"இப்பதான்க்கா சாப்ட்டு வந்தேன்."

முப்பிடாதி கழுவிய தட்டைத் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

பாறைக்காட்டுக்குப் பஸ் கிடையாது. செல்வக்கனி நடந்தாள். வழியில் அவளுக்கு யாரிடமாவது சண்டை போட வேண்டும்போல் இருந்தது. வழியில் யாரும் இல்லை.

*

"சாப்ட்டீங்களா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே வெள்ளிக்கிழமை ஆசிரியையின் அறைக்குள் போனாள்.

"ஆச்சு" என்றார் ஆசிரியை. புதிய படிவத்தை வாங்கிப் பார்த்தார். "ஆயிரத்து ஐந்நூற்று எண்பது. நல்லது. பழசை எடுத்துட்டு இதை வச்சுக்கலாம். இவங்களைச் சேர்த்தாச்சு."

"வேண்டாம்."

"நீங்கதானே சேர்க்கச் சொன்னீங்க?"

"இது அவங்க சாப்பாடு இல்லை. நான் வர்றேன்னு சொன்னதுக்காகப் பொங்கினது. படிவத்துக்குப் போட்ட சோறு மேடம் இது."

"சாப்பிட்டாங்கல்ல?"

"சாப்பிட்டாங்க."

"அப்ப இது உண்மையான பதில்தானே?"

செல்வக்கனி படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"உள்ளதை உள்ளபடி சொன்ன நாளைப் பொய்னு அடிச்சோம். நமக்காகச் சமைச்ச நாளை உண்மைன்னு சேர்க்கிறோம். மத்த பத்து பேர்கிட்டயும் திரும்பப் போனா அவங்களும் பொங்கி வச்சிருப்பாங்க. தெருவே நல்லாச் சாப்பிடுதுன்னு எழுதிக் கொடுப்போம். கூடம் வராது. நாமளும் திரும்பப் போக மாட்டோம். அதுக்கப்புறம் யார் கேட்பாங்கன்னு அவங்க அடுப்பைப் பத்தவைப்பாங்க?"

ஆசிரியை ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பாறை. அதற்கப்பால் ஒன்றுமில்லை.

"நான் கேட்டது ஒரே ஒரு ஆள், செல்வக்கனி. காட்டினீங்களா?"

"வாங்க. காட்டறேன். இன்னைக்கே, சொல்லாமக் கொள்ளாமப் போவோம். நீங்களே கேளுங்க."

"எனக்கு வேலை இருக்கு."

"நீங்க கடைசியா ஒரு வீட்டுக்குள்ள போய்க் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு?"

ஆசிரியை மின்விசிறியை நிறுத்தினார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

*

முப்பிடாதி அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். சேலையில் கோந்து வாசனை. அடுப்பு பற்றவைத்த அடையாளமே இல்லை. தரையில் உடைசல் பிஸ்கட் பை, பக்கத்தில் டீ டம்ளர்.

ஆட்களைப் பார்த்ததும் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"தங்கச்சி, இன்னைக்கு வாரேன்னு சொல்லலையே."

"சொல்லலைக்கா. இவங்கதான் எங்க மேடம்."

"அடிச்சவங்களா?"

செல்வக்கனி தலையைக் குனிந்துகொண்டாள். ஆசிரியை, "ஆமா" என்றார்.

"உக்காருங்க" என்று முப்பிடாதி பாயை விரித்தாள். மூன்று பேரும் உட்கார்ந்ததும் அறை நிறைந்துவிட்டது.

ஆசிரியை தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "நேத்து காலையில எழுந்ததுல இருந்து என்னென்ன சாப்பிட்டீங்க?"

முப்பிடாதி செல்வக்கனியைப் பார்த்தாள். "என்ன சொன்னா அடிக்க மாட்டாங்க?"

"உள்ளதைச் சொல்லுங்கக்கா."

"உள்ளதைச் சொல்லித்தான அடிச்சாங்க."

தெருவில் ஒரு தையல் மிஷின் ஓடி நின்றது.

முப்பிடாதி ஆசிரியையின் பக்கம் திரும்பினாள். முகத்தைப் பார்த்தாள். மணிக்கட்டைப் பார்த்தாள். கடிகாரம் வளையல்போலத் தொங்கியது.

"நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க" என்றாள். "நீங்க சொல்லுங்க. நான் நம்புறேன்."

"எதை?"

"நேத்து நீங்க என்ன சாப்ட்டீங்க?"

"சாப்பாடெல்லாம் ஆச்சும்மா" என்றார் ஆசிரியை.

"ஆச்சான்னு கேக்கல. என்ன சாப்ட்டீங்கன்னு கேட்டேன். காலையில எழுந்ததுல இருந்து சொல்லணும். தங்கச்சி என்னை அப்படித்தான் கேட்டுச்சு." அவள் குரலில் லேசாகச் சிரிப்பு வந்தது. "பாத்துச் சொல்லுங்க. கொஞ்சமாச் சொன்னா அடிச்சுருவாங்களாம்."

ஆசிரியை வாயைத் திறந்தார்.

இட்லி என்று சொல்லப்போகிறார் என்று செல்வக்கனி நினைத்தாள். இட்லி என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள்.

விடுமுறை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. நிறுவனத்தின் கான்டீன் பூட்டி மூன்று வாரம். தன் வயிற்றுக்காக மட்டும் அந்தப் பூட்டைத் திட்டியது செல்வக்கனிக்கு நினைவுக்கு வந்தது.

ஆசிரியை அவள் மடியிலிருந்த படிவக்கட்டைப் பார்த்தார்.

"புதுசா ஒண்ணு எடுங்க, செல்வக்கனி."

எடுத்தாள்.

"வீட்டில் எத்தனை பேர்னு இருக்கும். ஒண்ணு."

எழுதினாள்.

"காலையில டீ. சாயங்காலம் டீ. ரஸ்க் மூணு."

செல்வக்கனி மனத்துக்குள் கூட்டினாள். ஐந்நூறைத் தொடவில்லை. அவளால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. ஆனால் கேட்க வேண்டிய முறை ஒன்று இருந்தது. கேட்டாள்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."