வெட்டுக்கூலி

கருங்காலி மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில், ஓடைக்கு மேலே ஒரு சிறிய குகை இருந்தது பிள்ளைகளே. அங்கே அஞ்சனி என்றொரு தேவாங்கு வாழ்ந்துவந்தது. மை தீட்டினாற்போல் பெரிய கண்கள், குச்சி குச்சியான கைகால்கள். அஞ்சனி எதையும் மெதுவாகத்தான் செய்யும். ஆனால் ஒருமுறை செய்ததை மறுமுறை செய்ய வேண்டியிருக்காது.

அஞ்சனிக்குக் கல் வெட்டுவதில் தீராத ஆசை. வெளியே சொரசொரப்பாகக் கிடக்கிற கல்லுக்குள் சில சமயம் வரிவரியாக நிறம் ஓடும். சில சமயம் உள்ளே பனித்துளிகளைக் கொட்டி வைத்தாற்போல் மின்னும். சில சமயம் ஒன்றுமே இருக்காது. வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆத்திப் பட்டையை உரித்து அஞ்சனி நார்க்கயிறு திரிக்கும். கல்லின் மேல் ஈரச் செம்மணலைத் தூவும். கயிற்றைக் குறுக்கே போட்டு, முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருக்கும். கயிறு மணலை இழுக்க, மணல் கல்லை அரிக்கும். கடைசியில் கல் இரண்டாகப் பிரியும்போது, வெட்டிய முகம் நிலைத்த தண்ணீர்போல வழுவழுப்பாக இருக்கும். அதைத் தடவிப் பார்க்கும்போது அஞ்சனிக்கு வயிறு நிறைந்துவிடும்.

ஒருநாள் முள்ளம்பன்றி ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்தது.

"அஞ்சனி அக்கா, கிழங்கு தோண்டும்போது கிடைத்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துச் சொல்கிறாயா?"

"அதற்கென்ன, கொடு" என்றது அஞ்சனி.

கல்லுக்குள் தேன் நிறத்தில் ஒரு வளையம் இருந்தது. முள்ளம்பன்றி அதைப் பார்த்துவிட்டு, "என்ன வெட்டு அக்கா இது. ஓரம் கொஞ்சம்கூடப் பிசிறவில்லையே" என்றது. அஞ்சனிக்குக் காதெல்லாம் குளிர்ந்துவிட்டது.

செய்தி காடெங்கும் பரவியது. காட்டுப்பன்றி வந்தது. மயில் வந்தது. முயல்கள் கூட்டமாக வந்தன. எல்லாரும் ஆளுக்கொரு கல் கொண்டுவந்தார்கள். அப்புறம் ஆளுக்கு நாலு கல் கொண்டுவந்தார்கள். குகை வாசலில் கற்கள் குவிந்தன. அஞ்சனி சலிக்காமல் வெட்டித் தந்தது. வாங்கியவர்களும் வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் புகழ்ச்சியைத் தின்று எத்தனை நாள் இருக்க முடியும்? பழம் பறிக்கப் போக அஞ்சனிக்கு நேரமில்லை. செம்மணலோ ஓடையின் வளைவில் மட்டும்தான் கிடைக்கும். மெதுவாக நடக்கிற அஞ்சனி அங்கே போய் வர ஒரு முழுப் பகல் ஆகும். நார் அறுந்து அறுந்து, ஆத்தி மரத்தில் எட்டுகிற கிளைகளில் பட்டையே இல்லாமல் போயிற்று. தனக்கென்று ஆசையாக எடுத்து வைத்த ஒரு கல் மூலையில் அப்படியே கிடந்தது. அதை வெட்டப் பொழுதே வாய்க்கவில்லை.

ஒரு காலை, மணல் சுத்தமாகத் தீர்ந்துபோயிற்று. உள்ளங்கை வேறு எரிந்தது. அஞ்சனி வாசலுக்கு வந்து, "இனிமேல் கூலி கொடுத்தால்தான் வெட்டுவேன்" என்றது.

கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆசைக்குச் செய்கிற வேலைக்குக் கூலியா?" என்று மயில் கழுத்தை நீட்டியது. "நான் ஆடுகிறேன். அதற்கு யாரிடமாவது பழம் கேட்டேனா?"

"நீ ஆடினால் உன் கால் தேயாது. நான் வெட்டினால் என் மணல் தேய்கிறது" என்றது அஞ்சனி.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து கீரி முன்னே வந்தது. பேச்சிலேயே காரியம் சாதிக்கிற கீரி அது.

"அக்கா சொல்வது நியாயம்தான். கூலி கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எதற்குக் கொடுப்பது? வெட்டிய கல் அழகாக இருந்தால் பத்து அத்திப்பழம் கொடுப்போம். அழகாக இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. அஞ்சனி அக்கா கைபட்டு அழகு வராமல் போகுமா என்ன?"

அந்தக் கடைசி வார்த்தைதான் அஞ்சனியைக் கவிழ்த்தது. தன் வெட்டின் மேல் அதற்கு அவ்வளவு நம்பிக்கை. "சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்" என்று ஒப்புக்கொண்டது.

மறுநாள் காட்டுப்பன்றி முதுகு நிறையக் கல் சுமந்து வந்தது. வழியில் காலில் இடறியதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருந்தது.

"இவ்வளவையுமா?" என்று கேட்டது அஞ்சனி.

"எதற்குள் என்ன இருக்குமோ, யார் கண்டது? ஒன்றும் இல்லாவிட்டால் எனக்கு நஷ்டம் இல்லையே" என்றது காட்டுப்பன்றி.

அஞ்சனி எல்லாவற்றையும் வெட்டியது. எல்லாம் வெறும் கருங்கல். கூலி கிடைக்கவில்லை.

மயில் கொண்டுவந்த கல்லுக்குள் அழகிய நீல வரி இருந்தது. மயில் அதைத் தன் கழுத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தது. "நீலம்தான். ஆனால் என் கழுத்துக்கு முன்னால் இதை அழகு என்று சொல்ல வாய் வரவில்லை" என்று சொல்லிவிட்டுக் கல்லோடு போய்விட்டது.

கீரியும் ஒரு கல் கொண்டுவந்தது. அது மிகக் கடினமான கல். கயிறு மூன்று அறுந்தது. பிரித்தபோது உள்ளே சிவப்பும் வெள்ளையுமாக, மாலை வானம்போல் வரிகள் ஓடின. அஞ்சனி கீரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

கீரி உதட்டைப் பிதுக்கியது. "ஏதோ கோடு கோடாக இருக்கிறது. இதைப் போய் அழகு என்று எப்படி அக்கா சொல்வது? உன் மனம் நோகக் கூடாதென்று எடுத்துப் போகிறேன்."

இப்படியே நாட்கள் போயின. அத்திப்பழம் வந்தது அபூர்வம். அதைவிட இன்னொன்று அஞ்சனியை வாட்டியது. முன்பு சும்மா வெட்டிக் கொடுத்தபோது, வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். இப்போது ஒருவர்கூடப் புகழவில்லை. "நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் பத்துப் பழம் கொடுக்க வேண்டுமே. அதனால் எல்லாரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள். 'ஒருவேளை என் கைதான் கெட்டுப்போயிற்றோ' என்று அஞ்சனிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மணல் அள்ள ஓடைக்குப் போன ஒரு பகலில், அஞ்சனி கீரியின் வளைப் பக்கமாகப் போக நேர்ந்தது. வளைக்கு முன்னால் ஒரு மேடு. மேட்டின் மேல், வெயில் நேராகப் படும்படி, அந்தச் சிவப்பு வெள்ளைக் கல். பக்கத்தில் நின்றுகொண்டு கீரி ஒரு மைனாவிடம் பேசிக்கொண்டிருந்தது.

"நன்றாகப் பார்த்துக்கொள். இந்தக் காடு முழுக்கத் தேடினாலும் இப்படி ஓர் அழகு கிடைக்காது. வெட்டைப் பார்த்தாயா? உன் முகம் அதில் தெரிகிறது."

அஞ்சனி புதருக்குப் பின்னால் அசையாமல் நின்றது. முதலில் கோபம் வந்தது. உள்ளங்கை எரிச்சலும் மூன்று கயிறு அறுந்ததும் நினைவுக்கு வந்தன. ஆனால் கோபத்தின் அடியிலிருந்து வேறொன்று மெல்ல எழும்பியது. 'என் கை கெடவில்லை. என் வெட்டு நன்றாகத்தான் இருக்கிறது. என் கூலியைத்தான் நான் அடுத்தவர் நாக்கில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.'

அஞ்சனி ஓடைக்கு நடந்தது. மணலை அள்ளிக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு குகைக்குத் திரும்பியது.

அடுத்த நாள் வாசலில் கூட்டம் கூடியதும் அஞ்சனி சொன்னது:

"வெட்டு ஒரு சாண் நீளத்துக்கு ஒரு தொன்னை செம்மணல், ஐந்து அத்திப்பழம். கல் கடினமாக இருந்தால் இரண்டும் இரட்டிப்பு. கடினமா இல்லையா என்பதை உங்கள் முன்னாலேயே கீறிப் பார்த்துச் சொல்வேன். கூலியை முதலில் வைக்க வேண்டும்."

"உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால்?" என்றது காட்டுப்பன்றி.

"கூலி கூலிதான்."

"விரிசல் இருந்து கல் உடைந்துவிட்டால்?" என்று முள்ளம்பன்றி தயங்கித் தயங்கிக் கேட்டது.

"உடையும்போல் தோன்றினால் முன்பே சொல்வேன். வெட்டுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்யலாம். ஆனால் என் கை தவறி வெட்டு கோணலாகப் போனால், கூலியைத் திருப்பித் தருவேன்."

கீரி சிரித்தது. "சாண் என்றாயே அக்கா, யாருடைய சாண்?"

"என் சாண். கயிற்றை இழுப்பது என் கைதானே" என்றது அஞ்சனி.

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. குகை வாசல் வெறிச்சோடியது. ஒருவரும் வரவில்லை.

அஞ்சனிக்கு உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது. 'கூடுதலாகக் கேட்டுவிட்டேனோ? ஐந்து பழத்தை மூன்றாக்கலாமா?' என்று ஒரு மனம் கேட்டது. அப்போது மூலையில் கிடந்த தன் கல் கண்ணில் பட்டது. சரி, இதையாவது வெட்டுவோம் என்று எடுத்தது. நிதானமாக, அவசரமே இல்லாமல், ஆசை தீர வெட்டியது. உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரே ஒரு பச்சைக் கோடு, புல் முளைத்தாற்போல். அஞ்சனி அதைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. ஐந்து பழத்தை மூன்றாக்கும் எண்ணம் எங்கோ போய்விட்டது.

பிறகு ஒருநாள் முள்ளம்பன்றி வந்தது. ஒரு தொன்னையில் மணல், ஒரு தொன்னையில் பழம், வாயில் கவ்விய ஒரு சின்னக் கல்.

"என்னிடம் நிறையக் கல் இருக்கிறது அக்கா. எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து, எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை மட்டும் கொண்டுவந்தேன்" என்றது.

அதன்பின் முயல்கள் சேர்ந்து கூலி கொடுத்து ஒரு கல் கொண்டுவந்தன. காட்டுப்பன்றிகூட ஒரே ஒரு கல்லோடு வந்தது. யாரும் காலில் இடறியதையெல்லாம் அள்ளி வரவில்லை. அஞ்சனிக்குக் கைநிறைய வேலை, வயிறு நிறையப் பழம். மணலுக்காக ஓடைக்கு நடக்க வேண்டியதும் இல்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கீரி, ஒருநாள் பெரிய உருண்டைக் கல் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தது. பல வளைகளைத் தோண்டித் துருவி எடுத்த கல். தட்டிப் பார்த்தால் உள்ளே குடைவாக இருப்பதுபோல் ஓசை வந்தது. வேடிக்கை பார்க்க எல்லாரும் கூடிவிட்டார்கள்.

அஞ்சனி கல்லைக் கீறிப் பார்த்தது. சாணால் அளந்தது. "கடினமான கல். நாலு சாண். எட்டுத் தொன்னை மணல், நாற்பது அத்திப்பழம்."

"அவ்வளவா?" என்று கீரி குரலைத் தாழ்த்தியது. "அக்கா, நமக்குள் ஒரு பேச்சு. இந்தக் கல் அழகாக இருந்தால், புலியாங்குன்றின் அடியில் ஒரு பெரிய தேனடை இருக்கிறதே, அது முழுவதும் உனக்கு. அழகாக இல்லாவிட்டால் மட்டும் ஒன்றும் இல்லை. நாற்பது பழம் எங்கே, ஒரு தேனடை எங்கே?"

சுற்றி நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தேன் என்றால் அஞ்சனிக்கு உயிர் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"தேனடையை நீயே வைத்துக்கொள் தம்பி" என்றது அஞ்சனி. "எட்டுத் தொன்னை மணல், நாற்பது பழம். முன்கூட்டியே."

கீரி இன்னும் இரண்டு விதமாகப் பேசிப் பார்த்தது. அஞ்சனி கயிறு திரிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் கீரி முனகிக்கொண்டே போய், கூலியைக் கொண்டுவந்து வைத்தது.

அஞ்சனி வேலையைத் தொடங்கியது. அவசரப்படவில்லை. கயிறு அறுந்தபோது புதுக் கயிறு பூட்டியது, மணல் மழுங்கியபோது புது மணல் தூவியது. வெட்டு முடிகிற அன்று எல்லாரும் மறுபடி வந்து நின்றார்கள்.

கல் இரண்டாகப் பிரிந்தது. உள்ளே ஒரு சிறு குகை. குகை முழுவதும் ஊதா நிறத்தில் கூர்கூரான படிகங்கள், நெருக்கமாக, விடியற்காலைப் பனிபோல் ஒளி வீசின. அதைச் சுற்றி வெட்டிய முகம் ஒரு கீறல்கூட இல்லாமல் வழுவழுத்தது. ஒரு படிகத்தின் நுனிகூட உதிரவில்லை.

கீரி பழக்கதோஷத்தில் உதட்டைப் பிதுக்கியது. "என்னவோ ஊதாவாக..." என்று இழுத்தது.

பிறகு சட்டென்று நிறுத்தியது. கூலியைத்தான் கொடுத்தாயிற்றே. இனி இதை மட்டம் தட்டி என்ன கிடைக்கப்போகிறது? பிதுங்கிய உதடு மெல்லத் தன் இடத்துக்குத் திரும்பியது. கீரி கல்லின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு படிகமாகப் பார்த்தது.

"அழகாக இருக்கிறது அக்கா. இந்தக் குடைவு கொஞ்சமும் உடையாமல் வெட்ட வேறு யாராலும் முடியாது" என்றது. அதன் வாயிலிருந்து அப்படி ஓர் உண்மை வந்ததை அந்தக் காடு அதுவரை கேட்டதில்லை.

கீரி சொன்னதும் மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. முயல்கள் வெட்டு முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தன. கூட்டத்தில் நின்ற மயில், "என் கல்லின் நீலமும் உண்மையில் நன்றாகத்தான் இருந்தது" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது.

முள்ளம்பன்றி அஞ்சனியின் அருகே வந்து மெல்லக் கேட்டது. "தேனடை கைநழுவிப் போயிற்றே அக்கா. வருத்தமாக இல்லையா?"

"கல்லுக்குள் இருந்தது கீரியின் அதிர்ஷ்டம். அதில் எனக்கு ஏது பங்கு?" என்றது அஞ்சனி. "இந்த வெட்டு என்னுடையது. அதற்கு நான் கேட்டது முழுசாக வந்துவிட்டது."

சொல்லிவிட்டு, கூட்டத்தின் நடுவே தன் குச்சிக் கால்களில் நன்றாக நிமிர்ந்து நின்றது. அந்த நிமிடம் அங்கிருந்த எல்லாரிலும் அதுதான் உயரமாகத் தெரிந்தது.

"அடுத்த கல் யாருடையது?" என்று கேட்டது அஞ்சனி.

நீதி: உன் உழைப்பின் விலையை வேலை தொடங்கும் முன் நீயே சொல், அதைப் பிறர் நாவிலும் அதிர்ஷ்டத்திலும் தொங்க விடாதே.