உள்பக்கத் தாழ்ப்பாள்

கர்ர்... கர்ர்... என்று ஒரு சத்தம்.

இரவு செபம் முடிந்து கன்னியர் மடம் அடங்கிய பிறகுதான் அது கேட்க ஆரம்பித்தது. எலியாக இருக்காது. எலிக்கு இவ்வளவு பொறுமை ஏது? கொஞ்சம் சுரண்டும், நிற்கும், யாராவது வருகிறார்களா என்று காது கொடுக்கும், மறுபடி சுரண்டும்.

சிஸ்டர் அமலோற்பவம் விளக்கோடு வராந்தாவில் வந்து நின்றார். போர்டிங் பிள்ளைகள் தூங்கும் கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. அவருக்குத் தலை நரைத்ததே இந்தக் கூடத்தில்தான்.

கூடத்தின் கதவு வெளியே தாழிட்டிருந்தது. சத்தம் கதவின் அடியிலிருந்து வந்தது. குனிந்து பார்த்தார். இடுக்கில் ஒரு கரண்டியின் நுனி தெரிந்தது. அதைப் பிடித்திருந்த சின்ன விரல்களும் தெரிந்தன.

செவந்தி.

சவ்வாது மலையிலிருந்து போன மாதம் வந்து சேர்ந்த பிள்ளை. வந்த நாளிலிருந்து வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு தடவை ராத்திரியில் காணாமல் போய்விட்டாள். இரண்டு தடவையும் காட்டாற்றின் கரையில்தான் பிடித்தார்கள். இரண்டாவது தடவை ஆற்றில் வெள்ளம். அன்றிலிருந்துதான் வெளியே தாழ்ப்பாள் போடும் வழக்கம்.

அமலோற்பவம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. இரவு செபம் முடிந்தால் காலைப் பூசை வரைக்கும் அந்த மடத்தில் யாரும் பேசக் கூடாது. பெருமௌனம் என்பார்கள். அந்த நேரம் ஆண்டவருக்கு உரியது. இத்தனை வருஷத்தில் அமலோற்பவம் ஒரு நாளும் அதை மீறியதில்லை.

ஆனால் அன்று தன் அறைக்குத் திரும்பவில்லை. நேராகச் சிற்றாலயத்துக்குப் போனார்.

அங்கே மதர் கித்தேரியா தனியாக இருந்தார். மடத்துக்குப் புதுத் தலைவி. அமலோற்பவத்தைவிட வயதில் ரொம்பச் சின்னவர். "நம்ம பழைய மாணவிக வயசு இருக்குமா?" என்று சமையற்கட்டில் கேலி பேசியவர்களில் அமலோற்பவமும் உண்டு. இப்போது அதே அமலோற்பவம் அவர் முன்னால் முழந்தாளிட்டு, கையைப் பிசைந்துகொண்டு, வாய் திறக்காமல் இருந்தார்.

மதர் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்க சிஸ்டர்."

"பெருமௌனம், மதர்..."

"உங்க முகம் கத்துதே. இதுக்குப் பேரு மௌனமா?"

அமலோற்பவம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தப் பிள்ளை கதவைச் சுரண்டுது. விரல்ல ரத்தம்கூட வந்திருக்கும். தாழ்ப்பாளைத் திறந்தா ஆத்துல போய் விழுந்துரும். திறக்காட்டி உள்ளயே கிடந்து செத்துரும் போல இருக்கு. 'பாத்துக்க தாயி'ன்னு அவ அம்மா என் கையைப் பிடிச்சுட்டுப் போனா. நான் என்ன செய்யட்டும், மதர்?"

"ஆத்தங்கரையில பிடிச்சப்ப ஓடிட்டிருந்தாளா?"

"இல்ல. பாறை மேல நின்னுட்டிருந்தா."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

"ஓடிப்போற பிள்ளை ஏன் நிக்குது?"

அமலோற்பவம் கணக்கு, வேதபாடம், தையல் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவர். இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை.

மதர் எழுந்து சாமான் அறைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு திருப்புளி இருந்தது. அதை இடுப்புக் கயிற்றில் செருகிக்கொண்டு கூடத்துக்கு நடந்தார். தாழ்ப்பாளை விலக்கினார். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

செவந்தி கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தாள். அடி விழும் என்று தோளைச் சுருக்கினாள். விழவில்லை. ஒரு அடி எடுத்து வைத்தாள். யாரும் பிடிக்கவில்லை. பிறகு விறுவிறுவென்று நடந்தாள்.

"மதர், ஆறு!"

"வாங்க. பின்னாலயே போவோம். முன்னால போக வேண்டாம்."

வேலி இடைவெளியில் பிள்ளை நுழைந்தாள். இரண்டு கன்னியரும் அங்கியைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார்கள். முள்ளில் மாட்டி அமலோற்பவத்தின் முக்காடு கிழிந்தது. அவர் கவனிக்கவில்லை. ஆற்றின் இரைச்சல் கிட்டே வரவர அவர் கண் பிள்ளையின் முதுகை விட்டு நகரவில்லை. பெற்றவளுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று முதல் தடவையாக நினைத்தார்.

செவந்தி பாறையில் ஏறினாள். நின்றாள்.

எதிரே சவ்வாது மலை, வானத்தைவிடக் கறுப்பாக. பகலில் பார்த்த மலை இல்லை இது. ஏதோ ஒன்று மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அமலோற்பவத்துக்கு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ளத் தோன்றியது. அப்போதுதான் பார்த்தார்.

அவ்வளவு பெரிய இருட்டின் நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம். கண்ணைச் சிமிட்டினால் தொலைந்துவிடும், அத்தனை சின்னது. அது மெல்ல இந்தப் பக்கம் ஆடியது. அந்தப் பக்கம் ஆடியது.

"என்ன அது?" அமலோற்பவம் கேட்டுவிட்டார். பெருமௌனம் அவர் நினைவிலேயே இல்லை.

"எங்கம்மா."

அந்தக் குரலை அவர் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கொஞ்சம் கரகரப்பாக, பிள்ளைக்குப் பொருந்தாத அமைதியாக இருந்தது.

"அம்மாவா?"

"வெளக்கு. தெனம் இருட்டுனதும் வாசல்ல நின்னு ஆட்டும். நான் பாக்கணும்னு."

"இதை ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"வந்த அன்னிக்கு ராத்திரியே சொல்ல வந்தேன். நீங்கதான் இப்பிடிக் காட்டுனீங்க." செவந்தி விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். "இந்த ஊட்டுல பேசக் கூடாதாக்கும்னு இருந்துட்டேன்."

அமலோற்பவம் பாறையைப் பிடித்துக்கொண்டார்.

பிள்ளை அதோடு விடவில்லை. பேச ஆரம்பித்தவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"கோயில்ல செவப்பு வெளக்கு காட்டுனீங்கல்ல? வெளக்கு எரிஞ்சா சாமி உள்ள இருக்குதுன்னு அர்த்தம், நாம பாக்காட்டியும் அது நம்மளைப் பாக்குதுன்னு சொன்னீங்கல்ல? அன்னிக்கு ராத்திரி எங்கம்மா வெளக்கு தெரியல. சன்னலு அந்தப் பக்கம் இருக்குது. நான் பாக்கலேன்னா அது நின்னுட்டே இருக்குமே. கை வலிக்குமே அதுக்கு."

அந்தப் பாடத்தை அமலோற்பவம் எத்தனையோ பிள்ளைகளுக்கு நடத்தியிருந்தார். எல்லாரும் சிவப்பு விளக்கைப் பார்த்துத் தலையாட்டியவர்கள். அதை நம்பி ராத்திரியில் எழுந்து நடந்த பிள்ளை இவள் ஒருத்திதான். அமலோற்பவம் நின்ற இடத்திலேயே ஈர மண்ணில் முழந்தாளிட்டார். மலையைப் பார்த்தா, பிள்ளையைப் பார்த்தா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

வெளிச்சம் அணைந்தது.

"எண்ணெ தீந்துருமில்ல. அதான்," என்றாள் செவந்தி. ஒரு கொட்டாவி விட்டாள். "தூக்கம் வருது, சிஸ்டர்."

அமலோற்பவம் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். எலும்பும் தோலுமான பிள்ளை, கனமே இல்லை.

வழியில் மெதுவாகச் சொன்னார்: "மதர், இனி இவ தினம் ராத்திரி ஆத்தங்கரைக்கு வருவா."

"தினம் ராத்திரி நீங்களும் வாங்க."

"செபம்?"

"இப்ப மண்டி போட்டீங்களே, அது என்ன?"

கூடத்து வாசலில் மதர் உட்கார்ந்து தாழ்ப்பாளைக் கழற்றத் தொடங்கினார். துருப்பிடித்த ஸ்க்ரூ ஒவ்வொன்றாக வந்தது. தூக்கம் கலைந்த செவந்தி உள்ளங்கையை நீட்ட, அதில் போட்டார். பிறகு கதவின் உள்பக்கம் போய், "உன் கை எவ்வளவு உயரம் எட்டும்? காட்டு," என்றார். அவள் காட்டிய இடத்தில், அமலோற்பவத்தின் நெஞ்சுக்கும் கீழே, தாழ்ப்பாளைப் பொருத்தினார்.

"நல்லா இருக்கா?"

செவந்தி இழுத்துப் பார்த்தாள். "ம்."

"போய்த் தூங்கு."

மதர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். வெளிப்பக்கம் பழைய மரத்தில் ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. அமலோற்பவம் அவற்றைத் தடவிப் பார்த்தார். பழக்க தோஷத்தில் கை தாழ்ப்பாளைத் தேடியது.

"மதர், உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா நாம எப்படி உள்ள போறது?"

"தட்டணும், சிஸ்டர். தட்டிட்டு, திறக்கிற வரைக்கும் நிக்கணும்."

அமலோற்பவம் ஓட்டைகளிலிருந்து கையை எடுத்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம் சின்னக் காலடி ஓசை வந்து நின்றது. பிறகு தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்து, தன் இடத்தில் விழுந்தது.