காடை கூவுனாத்தான் சபை

முன்னொரு காலத்துல கடலுக்கு நடுவுல ஒரு தீவு. அதை மகுடவர்மன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தாரு. ஆண்டாருங்கறதைவிட, மடியில பூனையை வெச்சுத் தடவிக்கிட்டிருந்தாருன்னு சொன்னா சரியா இருக்கும்.

அந்தத் தீவுல முன்னெல்லாம் பூனையே கிடையாது. எங்கிருந்தோ வந்த கப்பல்காரன் ஒருத்தன் ஒரு கூடை நிறைய நீலக்கண்ணுக் குட்டிகளைக் காணிக்கையா வெச்சுட்டுப் போனான். கூடை காலியாச்சு, தீவு ரொம்பிடுச்சு. கூரையில பூனை, குளத்தங்கரையில பூனை, சிம்மாசனத்துக்கு அடியிலயும் பூனை.

அங்க மணற்காடைன்னு ஒரு பறவை உண்டு. அந்தத் தீவை விட்டா வேற எங்கயும் இல்லை. பறக்கத் தெரியாது. பறந்து தப்பிக்க வேண்டிய எதிரியை அது பார்த்ததே இல்லை, பாவம். மணல்ல குழி பறிச்சு முட்டை வைக்கும். விடிஞ்சதும் "குக்குறு... கூ"ன்னு கூவும். அது கூவுனாத்தான் அன்னைக்கு சபை கூடணும். பட்டத்துக்கு வர்ற ஒவ்வொரு ராஜாவும் அப்படிச் சத்தியம் பண்ணித்தான் கிரீடம் வெச்சுக்குவாரு.

ஒருநாள் மந்திரி சேந்தனார் சபையில எழுந்து நின்னாரு. கையில உடைஞ்ச முட்டை ஓடு.

"மகாராஜா, பூனைகளைக் கொல்லணும். இல்லைன்னா காடை மிஞ்சாது."

ராஜா சட்டுன்னு பூனையோட காதைப் பொத்துனாரு. "மெதுவாப் பேசும்யா, இதுக்குக் கேக்கப்போகுது! இது என்ன பாவம் பண்ணுச்சு? பசிச்சா பிடிக்குது. அதோட குணம் அது."

"பூனை மேல குத்தமே இல்லை மகாராஜா. கொண்டாந்து விட்டது நாம. அதனால அந்தப் பாவத்தையும் நாமதான் சுமக்கணும்."

"கப்பல்ல ஏத்தி அனுப்பிடலாமே?"

"கூடையில இருந்தப்போ ஏத்தியிருக்கலாம். இப்போ தீவைப் பூனைங்ககிட்ட விட்டுட்டு நாமதான் ஏறணும்."

பூனை மாளிகை அதிகாரி விருத்தகிரி முன்னால குதிச்சான். மந்திரி பதவி மேல அவனுக்கு ரொம்ப நாளாக் கண்ணு. "பிரபோ! பூனையும் காடையும் அண்ணன் தம்பியாப் பழகுதுங்க. காடை அழியுதாம்ல! அப்போ இன்னைக்குக் காலையில கூவுனது யாரு, இவரு பாட்டனா?"

சபையே சிரிச்சுது. ராஜாவும் தொடையைத் தட்டுனாரு. "அதானே! தினமும் கூவுதே! மந்திரியாரே, காடை இல்லைன்னு நிரூபியும், பூனைகளை ஒழிக்க நானே உத்தரவு போடறேன். முடியலைன்னா உம்ம பதவி விருத்தகிரிக்கு. நீர் பூனை மாளிகையைக் கூட்டிப் பெருக்கணும்."

"ஆகட்டும் மகாராஜா."

மந்திரிக்கு ஒரு சந்தேகம். மழையில காடை கூவாது. இப்போ என்னடான்னா அடைமழையிலயும் கூவுது. அதுவும் நடுநடுவுல இருமிக்கிட்டு.

மறுநாள் விடியக்காலம். ராஜா பூனையைத் தூக்கிக்கிட்டு அரண்மனைத் தோட்டத்துக்கு வந்தாரு. தாழம்புதருக்குள்ள இருந்து "குக்குறு... கூ!"

"கேட்டீரா?" விருத்தகிரி மீசையை முறுக்குனான்.

"கேட்டேன்," மந்திரி கும்பிட்டாரு. "அண்ணன் தம்பின்னீரே? மகாராஜாவோட செல்லத்தைப் புதருக்குள்ள விடுவோம். ரெண்டும் கொஞ்சறதைக் கண்ணாரப் பாப்போம்."

விருத்தகிரிக்கு மீசை இறங்கிடுச்சு. "பிரபோ, செல்லத்துக்குப் பனி ஒத்துக்காதே..."

"போர்வையா போத்தி விடறது? விடும்யா!" ராஜாவே பூனையை இறக்கி விட்டாரு.

பூனை மூக்கைத் தூக்கி மோந்துச்சு. ஒரே பாய்ச்சல்!

"குக்குறு... கூ... குக்... ஐயோ அம்மா! அடச் சனியனே, அது என் கருவாடு!"

மந்திரி கன்னத்துல கைவெச்சாரு. "மகாராஜா, காடை கருவாடெல்லாம் சாப்பிடுது பாருங்க!"

புதரைப் பிச்சுக்கிட்டு ஒரு ஆளு ஓடிவந்தான். பின்னாலேயே வேட்டியைக் கவ்விக்கிட்டு பூனை. ஆளு பேரு கொம்பையா. சந்தையில பலகுரல் பேசிக் காட்டறவன்.

ராஜா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. சிரிக்கச் சிரிக்கவே விஷயம் உறைச்சுது. சிரிப்பு நின்னுது.

விருத்தகிரி கால்ல விழுந்தான். "சபை நிக்கக் கூடாதேன்னுதான் இவனைக் கூவ வெச்சேன் பிரபோ..."

"உன் தலைப்பாகையைக் கழட்டு. உன் பொய்யை வெச்சுத்தான் இவ்வளவு நாளா நான் தீர்ப்பு சொல்லியிருக்கேன்." மந்திரி பக்கம் திரும்புனாரு. "ஜெயிச்சுட்டீர். என்ன வேணும், கேளும்."

"காடை வேணும் மகாராஜா."

ராஜா கொம்பையாவைப் பாத்தாரு. "காட்டுக்குள்ள ஒண்ணாவது இருக்குமில்ல?"

கொம்பையா இடுப்புத்துண்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னான். "ஒண்ணு இருந்துச்சு சாமி. நான் இங்க கூவுவேன், அது அங்கிட்டு மணல்மேட்டுல இருந்து பதிலுக்குக் கூவும். அதைக் கேட்டுத்தான் என் குரல் சரியா இருக்குன்னு தெரிஞ்சுக்குவேன். என்னைத் தன் சோடின்னு நெனைச்சுக்கிச்சு. தினம் கொஞ்சங்கொஞ்சமாக் கிட்ட வந்துச்சு. கடைசியில இந்தத் தோட்டத்துக்கே வந்துருச்சு." பூனையைக் கைகாட்டுனான்.

ராஜா குனிஞ்சு தன் பூனையைத் தூக்குனாரு. அப்புறம், "இனிமே பூனையைக் கொன்னுதான் என்ன ஆகப்போகுது?"

"பூனைங்க தின்னது போக, அதே மணல்ல பொரியற கடலாமைக் குஞ்சுங்க இன்னும் மிச்சம் இருக்கு மகாராஜா. அதுங்களுக்குக் கூவத் தெரியாது. போனாலும் நமக்குத் தெரியாது."

ராஜா உத்தரவு போட்டாரு. தீவு முழுக்கப் பொறி வெச்சாங்க. தன் செல்லத்துக்கு மட்டும் அவரே விஷச்சோறு பிசைஞ்சாரு. அது சோத்தைத் தின்னுட்டு, அவரு விரலையும் நக்கிக் கொடுத்துச்சு.

பூனைச் சத்தமும் அடங்கிப்போச்சு. விடிஞ்சா ராஜா கிரீடத்தை மடியில வெச்சுக்கிட்டு அரண்மனைப் படியில வந்து உக்காருவாரு.

"கொம்பையா, ஒரே ஒரு தடவை கூவுடா."

அவன் கூவுவான். அச்சு அசலாக் கூவுவான். ராஜா, மந்திரி, வழக்கோட வந்த சனம் எல்லாரும் மணல்மேட்டுப் பக்கம் காதைத் திருப்பிக்கிட்டு நிப்பாங்க.

அலைச்சத்தம் மட்டும் கேக்கும். அன்னைக்கும் சபை கூடாது.