அயிரை சுமந்த வண்டல்

அந்தக் காலத்தில் ஆற்று மீனும் பேசும், மீனுக்குக் கீழே கிடக்கும் மணலும் பேசும். அப்போதெல்லாம் அயிரை மண்ணை வாயால் தொடாது. பாறையில் படர்ந்த பாசியைக் கொறித்துக்கொண்டு, வெள்ளிபோல மினுக்கிக்கொண்டு திரியும்.

ஓர் அயிரை அந்த வருஷம்தான் முதன்முதலாக முட்டையிட்டது. நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்று மணலுக்குள் புதைத்து வைத்தது.

"அக்கா, பிள்ளைங்களைப் பார்த்துக்கோங்க."

"கவலைப்படாத தங்கச்சி," என்றது மணல். "எங்களுக்கு நடுவுல சந்து சந்தா வழி கிடக்கு. அதுல நல்ல தண்ணி இறங்கிக்கிட்டே இருக்கும். மூச்சுக்குக் குறைவில்ல."

மூன்றாம் நாள் மலையில் மழை கொட்டியது. ஆறு செக்கச்செவேலென்று வந்தது. வேகம் தணிந்ததும், தண்ணீரில் மிதந்து வந்த வண்டல் துகள்கள் மெல்ல இறங்கின. பெரியவை மணலின் மேல்வாசலிலேயே உட்கார்ந்துவிட்டன. பொடிசுகள் சந்துக்குள் நுழைந்தன. ஒவ்வொன்றாகப் போயிருந்தால் கடந்து போயிருக்கும். பயத்தில் மூன்றும் நாலுமாகக் கைகோத்துப் போனதால், குறுகலான இடத்தில் சிக்கிக்கொண்டன. பின்னால் வந்தவை அவற்றின் மேல் சாய்ந்தன.

"தங்கச்சி, வழியெல்லாம் அடைச்சுப் போச்சு!" என்று மணல் திணறியது. "தண்ணி இறங்கல. மூச்சில்லாம முட்டை வெளுக்குது!"

அயிரை பதறிப்போய் வாலால் மணலை ஓங்கி ஓங்கி அடித்தது. வண்டல் புகைபோல எழும்பியது. எழும்பியது அத்தனையும் மறுபடி இறங்கி, முன்னைவிட ஆழத்தில் போய் அடைத்தது.

"அடிக்காதீங்க சித்தி!" என்று ஒரு பொடிசு அழுதது. "மலையிலேருந்து ஒரு இடத்துல நிக்க விடாம தண்ணி எங்களை இழுத்துக்கிட்டே வந்துச்சு. இங்கதான் அது மெதுவாப் போச்சு. கொஞ்சம் உட்கார்ந்தோம். அது தப்பா?"

அயிரையின் வால் அப்படியே நின்றுவிட்டது. 'சாமி, என் பிள்ளை பிழைக்க இதுகளை நான் எங்கே துரத்துவேன்?' என்று உள்ளுக்குள் கும்பிட்டது.

"தப்பில்ல கண்ணு. ஆனா நீங்க உட்கார்ந்திருக்கிறது என் பிள்ளைங்க மூக்கு மேல. அசையாத தண்ணியாப் பார்த்து உங்களை இறக்கி விடறேன். நடுவழியில விட மாட்டேன். வரீங்களா?"

"உங்களுக்குத்தான் கையில்லையே. எதுல தூக்குவீங்க?"

அயிரை வாயைத் திறந்து, மணலோடு சேர்த்து ஒரு வாய் அள்ளியது. மணலைச் செவுள் வழியே உதிர்த்தது. வண்டலை உள்ளே வைத்துக்கொண்டு கரையோரக் குட்டைக்கு நீந்திப் போய், மெல்ல இறக்கி வைத்தது. திரும்பி வந்தது. மறுபடி அள்ளியது.

வழியில் கெண்டை பார்த்துவிட்டுச் சிரித்தது. "என்னாத்தா, ஆத்துல பாசிக்குப் பஞ்சமா? மண்ணைத் திங்க ஆரம்பிச்சுட்ட!"

வாயில் இருந்ததைச் சிந்தாமல் அயிரை குட்டையைப் பார்த்து நீந்தியது.

மேனியின் மினுக்கம் போய் மண் நிறமானது. உதடு தேய்ந்து நார்நாராகத் தொங்கியது. அதைத்தான் நாம் அயிரையின் மீசை என்கிறோம்.

"இறங்குது தங்கச்சி, தண்ணி இறங்குது!" என்று மணல் கூவியபோது, பாதி முட்டை வெளுத்தே போயிருந்தது. மீதிப் பாதியில் கரிய கண்கள் அசைந்தன. அயிரை அழுததா சிரித்ததா, தண்ணீருக்குள் யாருக்குத் தெரியும்? அடுத்த மழைக்கு ஆறு மறுபடியும் சிவந்து வந்தது. அயிரை மறுபடியும் வாயைத் திறந்தது.

அன்று முதல்தான் அயிரை மணலுக்குள்ளேயே குடியிருந்து, வாயும் வயிறுமாக வண்டலைச் சுமக்கிறது. கொடுத்த வாக்கை அது இன்னும் மறக்கவில்லை. வலையில் அள்ளி வந்து, வயிற்று மண்ணைக் கக்கட்டும் என்று நாம் சட்டியில் பாலை ஊற்றி அதில் விட்டால்கூட, அசையாத இடம் வந்துவிட்டது என்று நம்பி, சுமந்து வந்த வண்டல் பிள்ளைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கிறது.