முந்நூற்று இருபத்தேழு வயது மிராசுதார்

ஒரு கணினிக்குள் ஓர் ஊரின் வரலாறு குடியிருந்தது. அதன் நடுப்பக்கத்தில் ஒரு வரி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். 'மிராசுதார் அருணகிரி தன் கையால் இந்த ஏரியை வெட்டியபோது அவருக்கு வயது 32' என்பது அந்த வரி.

அந்த 32-இன் தோளில் கடுகளவு எண் ஒன்று தொற்றிக்கொண்டிருந்தது. பெயர் ஏழு. படிப்பவருக்குச் சந்தேகம் வந்தால், 'கீழே போய்ப் பாருங்கள்' என்று கைகாட்டுவது அதன் வேலை. பக்கத்தின் அடியில் அதன் கூட்டாளி அடிக்குறிப்பு படுத்திருக்கும். அது சொல்வது இவ்வளவுதான்: 'ஏரியை வெட்டியது ஊர்ச்சனம். மிராசுதார் குடைக்குக் கீழே நின்று பார்த்தார்.'

வரிக்கு இது பொறுக்கவில்லை.

"டேய் குட்டையா, உன் கூட்டாளியை வாயை மூடச் சொல்லு."

"உள்ளதைச் சொன்னா உங்களுக்கு ஏங்க எரியுது?"

"என் தோள்ல உட்கார்ந்துகிட்டு எனக்கே குழி பறிக்கிறியா?"

இந்த வரலாற்றைப் புத்தகமாக்கச் செலவு செய்பவர் மிராசுதாரின் பேரன். ஒருநாள் அவர், புத்தகத்தைத் தட்டச்சு செய்யும் ஜெசிந்தாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, அடியில குப்பை மாதிரி என்னமோ கிடக்கே. எல்லாத்தையும் கடைசிக்குத் தள்ளிவிடும்மா."

ஜெசிந்தா ஒரு பொத்தானை அழுத்தினாள். குறிப்புகள் எல்லாம் மூட்டை முடிச்சோடு புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போய் விழுந்தன.

"நல்ல காற்றோட்டமான இடம்டா," என்றது வரி.

"அங்க யாரு வந்து படிப்பாங்க?" என்று ஏழு கத்தியது. பிறகு, "நான் இறங்கப் போறேன்," என்றது.

32 பதறியது. "வேணாம்ணே. தப்புன்னு உன்னை அழிச்சாங்கன்னா, உன் கூட்டாளியும் சேர்ந்தே அழிஞ்சிடுவான்."

"இப்ப மட்டும் அவன் உசுரோடவா இருக்கான்? 327 வயசுன்னு பார்த்தா எந்த மடையனுக்கும் சந்தேகம் வரும். கடைசிப் பக்கம் வரைக்கும் தேடிப் போவான்."

ஏழு குதித்தது. கைகாலை நீட்டி வளர்ந்து, 32-இன் பக்கத்தில் சரிசமமாக நின்றுகொண்டது. ஜெசிந்தா கவனிக்கவில்லை. புத்தகம் அச்சாகிவிட்டது.

வெளியீட்டு விழாவில் சிறப்பு விருந்தினர் அந்த வரியை உரக்கப் படித்தார். "ஏரியை வெட்டியபோது அவருக்கு வயது முந்நூற்று இருபத்தேழு!"

எத்தனை பேர் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள் என்று ஏழு எட்டிப் பார்த்தது.

"பார்த்தீங்களா!" என்றார் விருந்தினர். "அந்தக் காலத்துக் கம்பங்கூழு!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பேரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தாத்தா கடைசி வரைக்கும் கண்ணாடி போட்டதில்லீங்க."

பின்வரிசையில் ஒருவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு எழுந்தார். "ஐயா, ஏரியை வெட்டினது ஊர்ச்சனம்னு இங்க போட்டிருக்கே?"

எல்லாரும் சிரித்தார்கள். "கொஞ்சமாவது நம்புற மாதிரி எழுத வேணாமா?" என்றார் விருந்தினர். "அச்சுப்பிழையா இருக்கும், உட்காருங்க."

இரண்டாம் பதிப்பில் அந்தப் பிழையைத் திருத்திவிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் குறிப்பு இல்லை. 327-இல் யாரும் கை வைக்கவில்லை.

ஏழு இப்போது நல்ல உயரம். வரியும் அதை 'டேய்' போட்டுக் கூப்பிடுவதில்லை. "சௌகரியமா இருக்கீங்களா தம்பி?" என்று தினமும் விசாரிக்கிறது.

ஏழோ பழைய வழக்கப்படி பக்கத்தின் அடியைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. அங்கே வெறும் வெள்ளைத் தாள்.