மேட்டுக் குகைப் பரிசு

வெள்ளைப் பாறைக் காட்டில் விலங்குகள் படம் எடுத்தன. நிலா வெளிச்சத்தில் பாறைக்கு முன்னால் நின்று காலையும் வாலையும் ஆட்டினால், பாறைமேல் நிழல் ஆடும். அதுதான் படம். காடே கூடி உட்கார்ந்து பார்க்கும்.

அந்த ஆண்டு, சிறந்த படத்துக்கு மேட்டுக் குகை பரிசு என்று அறிவித்தார்கள். எவ்வளவு மழை அடித்தாலும் ஒரு சொட்டு உள்ளே வராத குகை!

அதைக் கேட்ட தாய் முள்ளம்பன்றிக்குத் தூக்கம் போயிற்று. அதன் வளை பள்ளத்தில் இருந்தது. போன மழைக்கே தண்ணீர் புகுந்துவிட்டது. இப்போது இரண்டு குட்டிகள் வேறு.

"குகை மட்டும் கிடைத்துவிட்டால் என் பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும்" என்று அது உயிரைக் கொடுத்துப் படம் எடுத்தது. வெள்ளத்தில் குட்டியைப் பறிகொடுத்த ஒரு மானின் கதை. பார்த்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். குரங்குகள் பேன் பார்ப்பதைக்கூட மறந்துவிட்டன.

நடுவர்கள் இருவர். தலைவர் கரடியார், நரி கொண்டுவந்து கொடுத்த தேனடையைத் தின்றுவிட்டு முன்வரிசையில் குறட்டை விட்டார். அடுத்தவர் மயிலார். தோகையை எல்லாரும் பார்க்க வேண்டாமா? அதனால் பாறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நரியின் படம். வானமெல்லாம் மேகம். நிலாவே வரவில்லை. எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். தேனடை மட்டும் தவறாமல் வந்தது.

முடிவு சொல்லும் நாளும் வந்தது. கரடியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சிறந்த படம், நரியாரின் படம்! நரியார் எங்கள் மேட்டுப் பக்கத்துக்காரர் என்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை!" என்றார், யாரும் கேட்காமலே.

"ஐயா! அன்றைக்கு நிலாவே இல்லையே! படமே ஓடவில்லையே!" என்று கத்தியது ஒரு குரங்கு.

"அந்த இருட்டைத்தான் சொல்கிறோம்! ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே இருட்டு! என்ன துணிச்சல்!" என்று மயிலார் சிலிர்த்துக்கொண்டார். "உனக்கெல்லாம் இது புரியாது. போ, போய்க் கிளையில் தொங்கு!"

முள்ளம்பன்றி முன்னால் வந்தது. பயத்தில் அதன் முட்கள் கிலுகிலுத்தன.

"தலைவர் ஐயா, என் படம்?"

"பார்த்தோம் அம்மா, பார்த்தோம். நல்ல சிரிப்புப் படம்."

"அதில் குட்டி செத்துப்போகிறதே, ஐயா!"

"அதனால்தான் சொல்கிறேன். சிரிப்பைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம்!"

"அதுவும் இல்லாமல், இது பள்ளத்துக் கதை" என்று மயிலார் மூக்கைச் சுளித்தார். "ஒரே ஈரம்! இந்தா, நடுவர்களின் சிறப்புப் பாராட்டு. சந்தோஷமாகப் போ!" என்று ஒரு தேக்கிலையை நீட்டினார்.

பிறகு விருந்து. நரியார் நன்றி சொல்ல எழுந்தார். தன் வாலுக்கு நன்றி சொன்னார். வராத நிலாவுக்கும் நன்றி சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

பள்ளத்து வளைக்குள் தண்ணீர் குபுகுபுவென்று புகுந்தது. முள்ளம்பன்றி யோசிக்கவே இல்லை. குட்டிகளை மூக்கால் தள்ளித் தள்ளி மேடேறியது. குகை காலியாகத்தான் இருந்தது. குட்டிகளை உள்ளே விட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி, முட்களைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

சொட்டச் சொட்ட நனைந்து வந்து சேர்ந்தார்கள் நரியாரும் நடுவர்கள் இருவரும்.

"ஏய்! இது என் பரிசு! வெளியே வா!" என்று நரியார் மூக்கை நீட்டினார். நறுக்கென்று ஒரு முள் ஏறியது. "ஐயோ!" என்று அலறிக்கொண்டு பின்னால் விழுந்தார்.

"என்ன அநியாயம் அம்மா இது! நடுவர்கள் கண்ணெதிரிலேயே குகையைப் பிடித்துக்கொள்கிறாயே!" என்று உறுமினார் கரடியார்.

முள்ளம்பன்றி திரும்பவே இல்லை. நின்றபடியே சொன்னது:

"கண்ணெதிரில் நடந்தால் என்ன, ஐயா? பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள். உங்களுக்குப் பழக்கம்தானே!"

பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறவர்களை நம்பிக் காத்திருந்தால், நனைவது நம் பிள்ளைகள்தான்.