நாலாவது கம்பம்

“ஏழு மாசமா பிடிச்சுக்கிட்டே நிக்கிறேன். இதுக்கு ஒரு தூணை நட்டு வச்சிருந்தா அதுவே பிடிச்சிருக்கும். தூணுக்குச் சம்பளமும் வேணாம், சோறும் வேணாம்.”

லூர்துசாமி சொன்னது இதுதான். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

பட்டறை முழுக்க என்றால் மூன்று பேர்.

திருவெறும்பூரில் கேட், கிரில், மாடிக் கைப்பிடி செய்கிற பட்டறை அது. மாஸ்டர் கமலவேணிக்கு முப்பத்தாறு வயது. அவர் வெல்டு வைக்கும்போது இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எடுபிடி லூர்துசாமிக்கு நாற்பத்தெட்டு. மூன்றாமவர் முனிரத்தினம். இரும்பு அறுப்பவர். அவருடைய வாய்க்கும் அதே வேலைதான்.

கமலவேணி முகத்துக்கு நேரே பிடித்திருந்த ஷீல்டை இறக்கினார்.

“இப்ப என்ன வேணும்ணே?”

“வியாழக்கிழமை ஃபேக்டரியில வெல்டருக்கு ஆள் எடுக்கிறாங்க. அம்பது வயசுக்கு மேல எடுக்க மாட்டாங்களாம். அடுத்த தடவை எடுக்கிறப்ப எனக்கு அம்பது தாண்டிடும். இதுதான் கடைசி.”

“போய்ட்டு வாங்க.”

“வேலை தெரியும்னு பட்டறையிலேர்ந்து லெட்டர் கேக்குறாங்க. எடுபிடின்னு போனா வாட்ச்மேனே திருப்பி விட்டுடுவான்.”

“வேலை தெரியுமா?”

“ஏழு மாசம் பக்கத்துலேயே நின்னு பார்த்திருக்கேனே மாஸ்டர்.”

“கல்யாணத்துக்குப் போனவன் எல்லாம் மாப்பிள்ளையா?” என்றார் முனிரத்தினம். அவரை யாரும் கேட்கவில்லை.

கமலவேணி கையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் போனார். பட்டறைப் பேர் போட்ட தாளை எடுத்தார். ‘இவருக்கு வெல்டிங் வேலை நன்றாகத் தெரியும்’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தினார்.

லூர்துசாமி கால் மணி நேரச் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். பாவம், அது வீணாகிவிட்டது.

“பேரு போடலியே மாஸ்டர்?”

“காட்டூர் வீட்டு பால்கனிக் கைப்பிடிக்கு அஞ்சு கம்பம் வேணும். நீங்களே செய்ங்க. செஞ்சு நட்டதும் உங்க பேரை நீங்களே எழுதிக்குங்க.”

மறுநாள் காலை ஐந்து பைப்பும் ஐந்து தகடும் தயாராக இருந்தன. தகட்டின் மேல் பைப்பை நிறுத்தி, அடியைச் சுற்றி வெல்டு வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

கமலவேணி வெல்டிங் ராடைக் கவ்விப் பிடிக்கிற ஹோல்டரை லூர்துசாமி கையில் கொடுத்தார்.

“பிடிக்க முனியை வச்சுக்குங்க.”

“எனக்கு எடுபிடி எல்லாம் வேணாம். நாலு செங்கல் போதும்.”

“நல்லது,” என்றார் முனிரத்தினம். “செங்கல் நடுவுல டீ கேக்காது.”

முதல் மூன்று கம்பங்களைச் செங்கல் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டது.

நாலாவதில் ஒரு செங்கல் நழுவியது.

ஷீல்டின் கறுப்புக் கண்ணாடி வழியே நெருப்பைத் தவிர வேறு எதுவும் தெரியாது. லூர்துசாமி ஷீல்டை இறக்கிப் பார்த்தபோது பைப் ஒரு பக்கம் சாய்ந்து ஒட்டியிருந்தது. சுத்தியலால் தட்டினார். நிமிர்ந்துவிட்டது. ஆனால் அடியில் ஒரு பக்கம் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி.

அதை அறுத்துவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும். அவருக்குத் தெரியும். ஏழு மாதமாகப் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறாரே.

திரும்பிப் பார்த்தார். முனிரத்தினம் டீக்கடைக்குப் போயிருந்தார். மாஸ்டர் போனில் யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

லூர்துசாமி ஒரு வெல்டிங் ராடை எடுத்தார். மேல்பூச்சைத் தட்டி உதிர்த்தார். உள்ளே இருந்த கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி இடைவெளியில் அடைத்தார். மேலே வெல்டை ஓட்டினார். பிறகு கிரைண்டர் போட்டு வழவழவென்று தேய்த்தார். ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்தார்.

ஒன்றை மட்டும் தேய்த்தால் சந்தேகம் வருமே. ஐந்தையும் தேய்த்து, ஐந்துக்கும் அடித்தார்.

சாயங்காலம் கமலவேணி வந்தார். குனிந்து, ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் கட்டை விரலால் தடவினார்.

“காட்டுறதுக்கு முன்னாடியே கிரைண்டர் போட்டாச்சா?”

“பார்க்க நல்லா இருக்கட்டும்னு.”

“நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திட்டியிருந்தால் லூர்துசாமி நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

புதன்கிழமை காட்டூர். புது வீடு, மூன்றாவது மாடி. பால்கனியின் ஓரத்தில் ஐந்து கம்பங்களையும் போல்ட் போட்டு இறுக்கினார்கள். அவற்றின் மேல் நீளமாக ஓடும் கைப்பிடிப் பைப்பைச் சாப்பிட்ட பிறகு வெல்டு வைப்பதாகப் பேச்சு. முனிரத்தினம் கீழே வண்டிக்குக் காவல்.

கமலவேணி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போனார். முதல் கம்பத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் கம்பம். கம்பத்துக்குப் பின்னால் வெறும் காற்று.

“வாங்கண்ணே, சாப்பிடுங்க.”

“நான் இங்கேயே இருக்கேன் மாஸ்டர்.” லூர்துசாமி சுவரோரமாக உட்கார்ந்தார்.

கமலவேணி நாலு வாய் தக்காளி சாதம் சாப்பிட்டார். எழுந்து இரண்டாவது கம்பத்துக்குப் போனார். சாய்ந்து உட்கார்ந்தார்.

“ஏன் மாஸ்டர் இடம் மாத்துறீங்க?”

“வெயில்.”

பால்கனி முழுக்க ஒரே வெயில்தான்.

மூன்றாவது கம்பம்.

“லெட்டர்ல பேரு எழுதிட்டீங்களாண்ணே?”

“பேனா இல்ல.”

கமலவேணி இடது கையால் பேனாவை எடுத்துத் தரையில் உருட்டிவிட்டார். அது லூர்துசாமியின் காலில் வந்து முட்டி நின்றது. அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். முட்டியின் மேல் விரித்தார். பேனா மூடியைத் திறந்தார்.

கமலவேணி எழுந்தார். நாலாவது கம்பத்தின் பக்கத்தில் டிபன் பாக்ஸை வைத்தார். உட்கார்ந்தார். முதுகைப் பின்னால் கொண்டுபோனார்.

“மாஸ்டர்.”

“ம்?”

“அங்க வேணாம்.”

“ஏன்? இங்கயும் வெயில்தான்.”

“அதுல சாயாதீங்க.”

கமலவேணி சாயவில்லை. நகரவும் இல்லை.

லூர்துசாமி தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அடியில கம்பி அடைச்சிருக்கேன்.”

“எத்தனை துண்டு?”

“மூணு.”

“ம்.”

“செங்கல் நழுவிடுச்சு.”

கமலவேணி மிச்சச் சாதத்தைச் சாப்பிட்டு முடித்தார். ஒரு பருக்கைகூட விடவில்லை. கையைக் கழுவினார். காலி டிபன் பாக்ஸை அங்கேயே வைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு நடந்தார்.

“மாஸ்டர், லெட்டரை வாங்கிக்குங்க.”

“பேரு போடாத லெட்டரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?”

செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கியது. பிறகு அதுவும் இல்லை.

லூர்துசாமி பேனாவை மூடினார். நெருப்புப் பொறி படாதபடி தாளை மடித்து டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தார்.

கிரைண்டரை எடுத்து நாலாவது கம்பத்தை அடியோடு அறுத்தார்.

உள்ளிருந்து மூன்று கம்பித் துண்டுகள் விழுந்தன, வேகாத சேமியா மாதிரி.

தகட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்தார். பைப்பை அதன் மேல் நிறுத்தினார். வலது கையில் ஹோல்டரை எடுத்தார். இடது கையில் ஷீல்டை எடுத்தார்.

கம்பம் சாய்ந்தது.

ஷீல்டைக் கீழே வைத்துவிட்டுக் கம்பத்தைப் பிடித்தார். கண் போய்விடும். ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தார். எதைக்கொண்டு வெல்டு வைப்பது?

கட்டட வேலையில் மிஞ்சிய செங்கல் பால்கனி மூலையில் அடுக்கியிருந்தது. லூர்துசாமி அதையே பார்த்தார். எடுக்கவில்லை.

இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கூப்பிட்டார்.

“மாஸ்டர்! முனி! யாராவது கொஞ்சம் வந்து பிடிங்களேன்.”